தாய்மாமன் கேட்காத அனுமதி

"யாருக்கும் காட்டாதம்மா" என்று சொல்லித்தான் சுடர்விழி தன் கண்டுபிடிப்பின் படத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பினாள். வசந்தாவும் யாருக்கும் காட்டவில்லை. தம்பிக்கு மட்டும் அனுப்பிக் காட்டினாள். கூடப் பிறந்த தம்பி எப்போதிலிருந்து 'யாரோ' ஆனான் என்று அவள் திருப்பிக் கேட்டால், பதில் சொல்ல முடியாமல் முழிக்கப் போவது நாம்தான்.

அந்தத் தம்பி தணிகாசலம். வீடு வைத்திக்குப்பத்தில். வேலை தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில், மீன் ஏலம் விடுவது. குரலை வைத்துப் பிழைக்கிற மனுஷன் என்பதால் வீட்டிலும் மெதுவாகப் பேசத் தெரியாது. நல்லவர், எந்தக் காரியத்துக்கும் முதலில் ஓடி வருகிறவர். ஆனால் ஆசாமிக்குப் பேனர் பைத்தியம் உண்டு. புதுச்சேரியில் பேனர் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பேனர் இல்லாமல் ஒரு காதுகுத்துகூட நடப்பதில்லை என்பதும் ஊரறிந்தது. காலையில் நகராட்சிக்காரர்கள் அவிழ்த்துப் போவார்கள், சாயங்காலம் அதே கழியில் வேறொரு மஞ்சள் நீராட்டு விழா தொங்கும். தணிகாசலம் வைக்கிற பேனரில் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஓர் ஓரமாக இருப்பார்கள். கருப்புக் கண்ணாடி போட்டுக் கும்பிட்டபடி ஆளுயரத்துக்கு நிற்பது அவராகத்தான் இருக்கும். "கல்யாணம் யாருக்கு மாமா, உனக்கா?" என்று சுடர்விழியே எத்தனையோ முறை கிண்டலடித்திருக்கிறாள்.

அவள் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியை. மருத்துவக் கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சி. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே பையைத் தொங்கவிடுவார்களே, அந்தக் குழாய்க்கு அவள் ஒரு வளையம் செய்திருந்தாள். பையைத் தெரியாமல் மேலே தூக்கிவிட்டால் வெளியே வந்த நீர் திரும்ப உடம்புக்குள் போகும், கிருமியும் கூடவே போகும். காய்ச்சல் வரும், சிலருக்கு அதுவே எமனாகவும் ஆகிவிடும். சுடர்விழியின் சிலிகான் வளையம் நீரைக் கீழே விடும், மேலே விடாது. சூட்சுமம் வளையத்தின் உள்பக்கம் இருந்த மூன்று சாய்வெட்டுகளில் இருந்தது. வெட்டு எந்தச் சாய்வில், எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கு இளமையில் பாதி போய்விட்டது. கண்டுபிடித்த பிறகு பார்த்தால், இவ்வளவுதானா என்று இருந்தது. குறுக்கு வெட்டுப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் விவரம் தெரிந்த எவனும் செய்துவிடலாம். அதனால்தான் காப்புரிமைக்கு விண்ணப்பம் போகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று எல்லாரையும் கட்டிப் போட்டிருந்தாள். விண்ணப்பம் தயார். ஏஜென்டின் கடைசித் திருத்தம் மட்டும் வர வேண்டியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அல்போன்ஸ் போன் செய்தார். தட்டாஞ்சாவடியில் சிலிகான் பட்டறை வைத்திருப்பவர். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, வளையத்தின் மாதிரியைச் செய்து தந்தவர் அவர்தான். காப்புரிமை வந்தால் பெரிய அச்சு போட்டு ஆஸ்பத்திரிகளுக்குச் செய்து தருவதாகப் பேச்சு.

"மேடம், வளையத்த வெளிய விட்டுட்டீங்களா?" என்று நிதானமாகக் கேட்டார்.

"இல்லையே சார். ஏன்?"

"தேங்காய்த்திட்டுல மீன் வாங்கப் போனேன். வாசல்லயே உங்க போட்டோ. பக்கத்துல நம்ம வளையம், வீட்டுக் கதவு சைஸுக்கு. போட்டோ அனுப்பறேன், பாருங்க."

படம் வந்தது. 'உலகமே வியக்கும் கண்டுபிடிப்பைத் தந்த எங்கள் குலவிளக்கே' என்று மேலே எழுதியிருந்தது. நடுவில் மூன்று சாய்வெட்டும் மூன்று நிறத்தில், அவள் போட்ட அம்புக்குறிகளோடு பளிச்சென்று தெரிந்தன. அச்சடித்தவன் கோணத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

"காப்புரிமை இல்லன்னா நான் அச்சு போட முடியாது மேடம்" என்றார் அல்போன்ஸ். "நான் போட்ட மறுமாசமே பெரிய கம்பெனிக்காரன் போட்டுடுவான். நான் தாங்க மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

சுடர்விழி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது நியாயம். பட்டறைக்காரர் யாரும் அச்சு போடவில்லையென்றால் வளையம் அவள் மேஜை டிராயரிலேயே கிடக்கும். குழாயோடு கிடக்கிறவர்கள் காய்ச்சலோடு கிடப்பார்கள்.

பல்கலைக்கழகத்தின் காப்புரிமைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் பிரிஸ்கில்லா. பேராசிரியர்கள் வாயை மூடி வைப்பதுதான் தன் உத்தியோகம் என்று சொல்லிக்கொள்வார். மாநாட்டில் உளறியவர், ஆய்வேட்டில் போட்டுவிட்ட மாணவன், பத்திரிகைக்காரரிடம் பெருமையடித்தவர் என்று எல்லா ரகத்தையும் பார்த்தவர். பேனர் அவருக்கே புதிது.

"மொத விதியே புதுசா இருக்கணும்கறதுதான்" என்றார். "ஊரே பாத்ததுக்கப்புறம் புதுசுன்னு சொன்னா எப்படி ஒத்துக்குவாங்க?"

"தமிழ்ப் பேனர் மேடம். மீன் துறைமுகம். காப்புரிமை ஆபீஸ்லேர்ந்து யாரு அங்க வந்து பாக்கப் போறாங்க?"

சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. பிரிஸ்கில்லா கோபப்படவில்லை.

"இன்னிக்கு யாரும் பாக்க மாட்டாங்க. நாளைக்கு வளையம் நல்லா ஓடும்போது, ஒன்ன ஒழிக்கணும்னு ஒருத்தன் கெளம்புவான். அவன் கையில அந்த போட்டோ இருக்கும். எத்தன பேரு ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்காங்களோ." பிறகு சற்று யோசித்துச் சொன்னார். "வெளிநாட்டுல கஷ்டம். ஆனா நம்ம சட்டத்துல ஒரு வழி இருக்கு. ஒங்கிட்டேர்ந்து போன விஷயத்த, ஒன் சம்மதம் இல்லாம இன்னொருத்தர் வெளியிட்டாருன்னு நிரூபிச்சா, அத மட்டும் வெச்சு தள்ள முடியாது. தெரிஞ்ச ஒடனே விண்ணப்பம் போட்டிருக்கணும். அத இன்னிக்கே போட்டுடலாம். பேனர் வெச்சது யாரு?"

"எங்க மாமா. அம்மாவோட தம்பி."

"பேரு போட்டிருக்காரா? படம்?"

சுடர்விழி போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை தேடினாள். கருப்புக் கண்ணாடி எங்கேயும் இல்லை. ஓரத்தில் 'இப்படிக்கு, உன்னால் பெருமைப்படும் சொந்தங்கள்' என்று மட்டும் இருந்தது. ஊரிலிருக்கிற எல்லாப் பேனரிலும் நிற்கிற மனுஷன் இதில் இல்லாமல் போனது அவளுக்கு விளங்கவில்லை.

"அப்ப அவரே எழுதிக் குடுக்கணும்" என்றார் பிரிஸ்கில்லா. "நான்தான் வெச்சேன், அவ அனுமதி இல்லாம வெச்சேன்னு, நோட்டரி முன்னாடி. இல்லன்னா நீயே வெச்சிக்கிட்டேன்னு சொல்லிடுவாங்க."

விண்ணப்பம் அன்று மத்தியானமே போய்விட்டது. பத்திரத்தின் வரைவைப் பையில் வைத்துக்கொண்டு சுடர்விழி துறைமுகத்துக்குப் போனாள்.

பேனர் வாசலில் காற்றுக்கு உப்பி நின்றது. உண்மையைச் சொல்வதென்றால், அதைப் பார்த்தபோது அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இத்தனை வருஷத்தில் அந்த வளையத்தை யாரும் இவ்வளவு பெரிதாக நினைத்ததில்லை. துறைத் தலைவர்கூட 'அந்த யூரின் சமாசாரம்' என்றுதான் சொல்வார். இங்கே ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் இன்னொருவரிடம் "இதயத்துல வெக்கறதாம்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் ஏலத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, லுங்கியில் கையைத் துடைத்தபடி வந்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தியா பாப்பா? எப்படி?"

"மாமா, ஒன் போட்டோ எங்க?"

"எடுக்கச் சொல்லிட்டேன். ஒன் படத்துக்கு எடம் பத்தல. நீதான் எப்பவும் கிண்டல் பண்ணுவியே, இதுல நீ மட்டும் இருக்கட்டும்னு வுட்டுட்டேன்." பெருமையும் கூச்சமுமாகச் சிரித்தார்.

சுடர்விழிக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அழவில்லை. ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவரை அழைத்துப்போய், நடந்ததை ஒன்றொன்றாகச் சொன்னாள். புதிது என்றால் என்ன, ஊர் பார்த்தால் ஏன் புதிதில்லை, அல்போன்ஸ் என்ன சொன்னார், எல்லாம். அவள் முடித்ததும் அவர் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். இரண்டு பேர் ஓடி வந்து கழியில் ஏறினார்கள். பேனர் இறங்கியது.

"இவ்ளோதானே பாப்பா? கவலய வுடு" என்றார். "நீ விண்ணப்பம் போட்டப்புறம், வர்ற புதங்கெழமதான் வெச்சேன்னு சொல்றேன். நான் சொன்னா தொறமொகமே சொல்லும். நூறு பேரு கோர்ட்டுல வந்து சொல்லுவான். எவன் கேப்பான்னு பாக்கறேன்."

"பொய் வேணாம் மாமா. போட்டோவெல்லாம் எல்லார் போன்லயும் இருக்கு. நீ உள்ளத சொன்னா போதும். இதுல கையெழுத்து போட்டா போதும்."

பத்திரத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். ஏலக் குரலை இறக்கி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி வாய்விட்டுப் படித்தார். "தணிகாசலம் ஆகிய நான், சுடர்விழி என்பவருடைய அனுமதியோ சம்மதமோ இல்லாமல், அவருக்குத் தெரியாமல்..." அங்கே நின்றுவிட்டார்.

"என்பவராமே" என்றார். "எம் மடியில மூத்திரம் பேஞ்சவ நீ."

"அது சட்டத்துல அப்படித்தான் எழுதுவாங்க மாமா."

"ஒனக்குக் காது குத்தனது எம் மடியில. ஒங்கப்பன் போனப்புறம் ஒனக்கு எது செஞ்சாலும் நான்தான் செஞ்சேன். சீர் கொண்டாந்தப்ப எவங்கிட்டயாவது அனுமதி கேட்டனா? தாய்மாமன் அக்கா பொண்ணுக்குச் செய்யறதுக்கு அனுமதி கேக்கணும்னு எந்த ஊர்ல இருக்கு?" கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். "பொய் சொல்லச் சொல்லு, சொல்றேன். ஜெயிலுக்குப் போன்னு சொல்லு, போறேன். இதுல நான் யாரோ ஒருத்தன் மாதிரி இருக்கறன் பாப்பா."

பத்திரத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார். ஏலம் நடக்கிற பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது, வஞ்சிரத்துக்கு விலை கூவியது. அது எப்போதும் போலத்தான் இருந்தது.

வீட்டில் வசந்தா இதைக் கேட்டுவிட்டு மகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. "ஒரு மோதரத்துக்காகத் தாய்மாமன திருடன்னு எழுதித் தரச் சொல்லுவியா?" என்றாள்.

"மோதரம் இல்லம்மா, வளையம். திருடன்னு யாரும் சொல்லல."

"அனுமதி இல்லாம எடுத்தா அதுக்குப் பேரு வேற என்னா?"

அம்மா சட்டம் படித்ததில்லை, ஆனாலும் சரியான இடத்தில்தான் குத்தினாள். விட்டுவிடலாமா என்று சுடர்விழி யோசித்தாள். வளையம் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம், மாமா போனால் எங்கே போவது? இப்படி நினைத்த உடனேயே வார்டில் பார்த்த முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. காய்ச்சலில் பிதற்றுகிற தன் புருஷனின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, "பைய நான்தாங்க தூக்கிட்டேன்" என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம். அவளுக்காகத்தான் அந்த வெட்டுகளைத் தேடத் தொடங்கியதே. இரண்டு பக்கமும் பார்த்தாள், ஒரு பக்கமும் தள்ளிவிடக் கூடியதாக இல்லை. மாமாவுக்குப் போன் செய்யவும் துணிவு வரவில்லை. நோட்டரி வக்கீலின் விலாசத்தையும் வரச்சொன்ன நேரத்தையும் மட்டும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் தணிகாசலம் வக்கீல் ஆபீஸுக்கு வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்திருந்தார், கருப்புக் கண்ணாடி மட்டும் இல்லை. பிரிஸ்கில்லாவுக்குக் கும்பிடு போட்டார். சுடர்விழியைப் பார்த்து "சாப்ட்டியா" என்றார். அவள் இல்லை என்றதும் வாசலில் இருந்த டீக்கடையில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றார்.

நோட்டரி வக்கீல் பத்திரத்தைப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, "எழுதினதெல்லாம் சரிதானே? இவங்க உங்களுக்கு அனுமதி குடுக்கல, இல்லையா?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.

தணிகாசலம் நாற்காலியிலேயே திரும்பி சுடர்விழியைப் பார்த்தார்.

"பாப்பா, நான் கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

பிரிஸ்கில்லா கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடுத்திருப்பேன் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் மனசு ஆறிவிடும். சொல்லவும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு இந்தப் பத்திரத்தில் எப்படிக் கையெழுத்து வாங்குவது? அதுவுமல்லாமல், தன்னிடம் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவள் பொய் சொன்னால் கண்டுபிடிப்பவர் சின்ன வயதிலிருந்தே அவர் ஒருவர்தான்.

"குடுத்திருக்க மாட்டேன் மாமா" என்றாள்.

தலையை ஆட்டினார். "அப்ப இதுல எழுதியிருக்கறது நெசந்தான்" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, ஏலத்துக்கு நேரமாச்சு என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். சுடர்விழி அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழுகையை அடக்கவில்லை. பிரிஸ்கில்லா அவள் தோளில் கை வைத்தார்.

பிறகு எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. காப்புரிமைக்கு எதிர்ப்புக் கிளம்பியது, அந்தப் பேனர் போட்டோவும் கூடவே கிளம்பியது. தணிகாசலத்தின் பத்திரம் நின்று பதில் சொன்னது. வெளிநாட்டுக் கதவு சாத்தியது சாத்தியதுதான். இந்தியாவில் காப்புரிமை கிடைத்தது. அல்போன்ஸ் பெரிய அச்சு போட்டார். வளையம் வார்டுகளுக்குப் போனது. குழாய் போட்டவர்களுக்குக் காய்ச்சல் குறைவதாக நர்ஸுகள் சொன்னார்கள். சுடர்விழிக்கு அதில் குறைவில்லாத சந்தோஷம். இன்னொரு தடவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதே பதிலைத்தான் சொல்லுவேன் என்று நினைத்துக்கொள்வாள்.

தணிகாசலமும் மாறிவிடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, வரப்போக இருந்தார், அக்காவிடம் பழையபடி கத்திப் பேசினார். ஒன்று மட்டும் புதிது. முன்னெல்லாம் சுடர்விழி வேலை முடிந்து வந்தால் ஃபிரிட்ஜில் சுத்தம் செய்த மீன் இருக்கும். எப்போது வந்தார், யார் கதவு திறந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது போன் வரும். "பாப்பா, சங்கரா நல்லா வந்திருக்கு. குடுத்தனுப்பட்டுமா?" பொங்கலுக்கு முன்னால் போன் வரும். "பொடவ எடுக்கலாம்னு இருக்கேன். எடுக்கவா?" குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். உண்மையாகவே கேட்டார். இதுவரை தெரியாமல் போன ஒரு மரியாதையைக் கற்றுக்கொண்டவர் போலக் கவனமாகக் கேட்டார்.

சுடர்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை இளஞ்செழியன் பள்ளிக்கூட வாத்தியார், பேனர் என்றால் காத தூரம் ஓடுகிறவர். கல்யாணத்துக்கு முந்தின வாரம் தணிகாசலம் போன் செய்தார். துறைமுகத்தின் இரைச்சல் பின்னால் கேட்டது. அவர் குரல் மட்டும் தணிந்திருந்தது.

"பாப்பா, தாய்மாமன் சீர் கொண்டாரணும். மேளம் வெச்சு, தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வரலாம்னு இருக்கோம். வரலாமா?"

உலகத்தில் எந்தப் பெண்ணிடமும் எந்தத் தாய்மாமனும் கேட்டிராத கேள்வி அது.

"என்ன மாமா இது. இதெல்லாம் என்னைக் கேக்காத. நீ பாட்டுக்கு வா. எதுக்குமே கேக்காத மாமா."

"சரி பாப்பா" என்றார் தணிகாசலம், நிம்மதியாக. "நீ சொல்லிட்டல்ல, அப்ப வந்துடறேன்."